ஒன்றரைச் சக்கரக் கம்பெனி

லிப்ட்டுக்காரர் என்றால்தான் அந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் நர்ஸ்கூட ஒரு நிமிடம் யோசிப்பார். பத்தொன்பது வருடம் லிப்ட் ரிப்பேர் செய்த மனுஷன். ரத்தக்கொதிப்பை அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்ததில் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. அதற்கு மேல் ஏணி ஏற உடம்பு ஒத்துழைக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் மனசாட்சியோடு அவரை அலுவலகத்துக்குள் உட்கார வைத்தார்கள். வேலை போன் எடுப்பது. ஊரில் எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி இவர் மேசையில்தான் அடிக்கும்.

அழுவார்கள், கத்துவார்கள், இவர் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். மெக்கானிக் போய்ச் சேரும் வரை இவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கையில் என்ன பை, உள்ளே என்ன வாங்கினீர்கள், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒன்றொன்றாகக் கேட்டுப் பேச்சில் இழுத்து வைத்துவிடுவார். கதவு திறக்கும்போது சில பேர் பாதிப் பேச்சில் இருப்பார்கள். அந்தத் திறமைக்கு ஒரு விலையும் இருந்தது. எங்கே போன் அடித்தாலும் அவருக்கு நெஞ்சு திடுக்கென்றது. வீட்டில் மனைவியின் போன் அடித்தால்கூட எழுந்து நின்றுவிடுவார்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அந்த மேசை கிடையாது. மதியம் பன்னிரண்டு மணிக்கு டயாலிசிஸ் வார்டில் எடை பார்த்து, ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து, இடது கையில் இரண்டு ஊசி வாங்கிக்கொண்டால் நாலு மணி வரை அசையக் கூடாது. ஓர் ஊசி வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், இன்னொன்றின் வழியாகச் சுத்தமாகித் திரும்பும். நாலு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது என்ன என்பதைக் கிடந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும். சும்மா வாயால் சொல்லிவிட முடியாது.

அந்த ஜன்னலோரம் மொத்தம் நாலு கட்டில். இவருக்கு அடுத்து டீச்சர். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். டாக்டர் ஆனாலும் சரி, கூட்டிப் பெருக்குபவர் ஆனாலும் சரி, யாரையும் விட்டுவைக்காத வாய். அடுத்து டிரைவர். இருபது வருடம் பஸ் ஓட்டியவர், முகத்தில் பாதி மீசைதான். கடைசிக் கட்டில் மாப்பிள்ளைக்கு. முப்பது வயது. கல்யாணம் நிச்சயமான மூன்றாம் மாதம் சிறுநீரகம் கெட்டது, பெண் வீட்டார் நாசூக்காக ஒதுங்கிக்கொண்டார்கள். வந்த முதல் நாளே டீச்சர் துருவித் துருவிக் கேட்டதில் அவன் இதை ஒளிக்காமல் சொன்னான். அப்படியென்றால் எங்கள் வார்டுக்கு மாப்பிள்ளையாக இருந்துவிட்டுப் போ என்றார் டீச்சர். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

அவனுக்கு அப்பா அம்மா கிடையாது. ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் தனி அறை, கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைந்து கொடுக்கும் வேலை, அதுவும் வீட்டிலேயே கம்ப்யூட்டரில். வாரத்துக்கு ஒரு முறையாவது வார்டுக்கு மட்டம் போடுவான். மட்டம் போட்டால் உடம்பில் நீர் கோத்து நுரையீரல் வரை ஏறும், மூச்சு முட்டும். நர்ஸ் திட்டினார். டாக்டர் பயமுறுத்தினார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி கேட்டுக்கொண்டு, அடுத்த வாரமும் ஒரு நாள் வரமாட்டான்.

லிப்ட்டுக்காரரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஒரு விளையாட்டு ஆடுவான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக மாறி, நான் இதைச் செய்கிறேன், அதைச் சொல்கிறேன் என்று புகுந்துகொள்ள வேண்டும். செய்தது பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். லிப்ட்டுக்காரர் அவனிடமிருந்து ஒரு பகடையைக் கேட்டு வாங்கி வார்டுக்குக் கொண்டுவந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஊசி ஏறாத வலது கைக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

மச்சானின் கதைகளில் வீரர்களும் கோட்டைகளும் புதையல்களும். லிப்ட்டுக்காரருக்கு அது ஒத்துவரவில்லை. எழுந்து கழிப்பறைக்குப் போகவே நர்ஸைக் கூப்பிட வேண்டியவர்கள் கோட்டையை எங்கே பிடிப்பது? அவர் சொன்ன கதையில் ஒரு நாடகக் கம்பெனி. ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடிப் பிழைக்கிற, பிழைக்கவும் தெரியாத கூட்டம். ஒரு வண்டி. அதில் ஒரு சக்கரம் உருப்படி, இன்னொன்று உடைந்து பாதிக்குப் பாதி பலகை அடித்தது. சொன்ன பேச்சு கேட்காத ஒரு கழுதை. டீச்சர் யோசிக்காமல் ஒன்றரைச் சக்கரக் கம்பெனி என்று பெயர் வைத்தார்.

டீச்சர் கோமாளி வேஷம் எடுத்துக்கொண்டார். ஆயுசு முழுக்க வகுப்பில் யாரையும் சிரிக்க விட்டதில்லை, இப்போதாவது சிரிக்க வைக்கிறேன் என்றார். டிரைவர், அந்த மீசையை வைத்துக்கொண்டு, பாட்டுக்காரி ஆனார். மாப்பிள்ளையை என்ன எடுக்கிறாய் என்று கேட்டதற்கு அவன், கயிற்றில் நடப்பவன் என்றான்.

என்ன பாடு பட்டது அந்தக் கம்பெனி! மழையில் ஒன்பது பேருக்கு முன்னால் ஆடினார்கள், அந்த ஒன்பதில் நாலு பேர் ஒதுங்க இடமில்லாமல் நின்றவர்கள். ஓர் ஊரில் வேஷத் துணியெல்லாம் திருட்டுப் போய், இரவல் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு ராஜா ராணிக் கதை நடத்தினார்கள். இன்னோர் ஊரில் பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டி, கோமாளி பின்னால் மறைந்து நின்று பாடியதில் கழுதை அவிழ்த்துக்கொண்டு ஓடியது. பகடை நர்ஸ் கொடுத்த ஸ்டீல் தட்டில் கடகடவென்று உருளும்போது மற்ற வரிசைக் கட்டில்களில் இருந்தும் தலைகள் திரும்பின. நாலு மணிக்கு ஊசியை எடுக்க வரும் நேரம் பார்த்து லிப்ட்டுக்காரர் ஏதாவது ஒரு முடிச்சைப் போட்டு நிறுத்துவார். கூடாரத்துக்குள் யாரோ நிற்கிறார்கள், மீதி புதன்கிழமை என்பார். அதற்கப்புறம் மாப்பிள்ளை ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. ஒரு வருடமும் இரண்டு மாதமும். நர்ஸ் லிப்ட்டுக்காரரின் கையைப் பிடித்து, நீங்கள் செய்தது எங்கள் மருந்து செய்யாதது என்றார். அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான், இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்.

அவர் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். விளையாட்டு நடக்கும்போது போன் அணைந்திருக்க வேண்டும். அந்த நாலு மணி நேரமாவது மணிச்சத்தம் காதில் விழாமல் இருக்கட்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையும் டிரைவரும் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் பொருந்தி வந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து போன் வரும். பட்டியலில் முதலில் இருப்பவரைக் கூப்பிடுவார்கள். அவர் கொடுத்த இரண்டு எண்களிலும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும், அதற்கெல்லாம் காத்திருக்க நேரம் கிடையாது. இந்த விவரம் லிப்ட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சட்டத்தைப் போட்டார். நாளெல்லாம் போனிலேயே கிடந்த மனுஷனுக்கு, ஒரு போன் நல்லது கொண்டுவரும் என்பது தோன்றவே இல்லை.

அது ஒரு புதன்கிழமை. கம்பெனி ஒரு ஊருக்குள் நுழைய அனுமதி கேட்டு நின்றது. ஊர்த்தலைவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மணிக்கூண்டில் இருந்து தானியக் கிடங்கு வரை கயிறு கட்டி ஒருவன் நடக்க வேண்டும், விழுந்தால் கூட்டத்தோடு ஊரைக் காலி செய்ய வேண்டும். மாப்பிள்ளை மூன்று முறை பகடை உருட்டியாக வேண்டும். இரண்டு பலித்துவிட்டது. கயிற்றின் நடுவில் நிற்கிறான், கீழே ஊரே அண்ணாந்து பார்க்கிறது. மூன்றாவதுக்குப் பகடையை எடுத்தவன் உருட்டாமல் கைக்குள்ளேயே வைத்திருந்தான். கொஞ்சம் இருங்கள் அண்ணே, மூச்சு விட்டுக்கொள்கிறேன் என்றான். முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வேர்வை. நம் கதை ஆளை என்னவெல்லாம் செய்கிறது பார் என்று லிப்ட்டுக்காரர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். அதை நினைத்துப் பிற்பாடு அவர் கூசிப்போன மாதிரி வேறு எதற்கும் கூசியதில்லை.

பகடை உருளும் முன்பு, வெளியே வராந்தாவில் காத்திருந்த டிரைவரின் மனைவி ஓடிவந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. டிரைவரின் போன் அணைந்திருந்ததால் இரண்டாவது எண்ணான அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. சிறுநீரகம் இருக்கிறது, உடனே வாருங்கள். நர்ஸுகளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாதியில் மெஷினை நிறுத்தி, ஊசியை எடுத்து, கட்டுப் போட்டு டிரைவரை அனுப்பினார்கள். போகும்போது அவர் மூவரையும் பார்த்துக் கைகூப்பினார். டீச்சர் அழுதார். மாப்பிள்ளை பகடையைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. டிரைவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சிறுநீர் பிரிகிறது என்று செய்தி வந்தது. கூடவே நர்ஸ் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். முதலில் கூப்பிட்டது வேறு ஆளையாம், பதிலே இல்லையாம், அதே ரத்த வகை, அதே வார்டாம். லிப்ட்டுக்காரரும் டீச்சரும் கடைசிக் கட்டிலைப் பார்த்தார்கள். 

“டிரைவர் காதுக்கு இது போகக் கூடாது,” என்றார் டீச்சர். “அந்த மனுஷன் நிம்மதியா ஒண்ணுக்குப் போகட்டும்.”

சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை. லிப்ட்டுக்காரர் மாப்பிள்ளைக்கு விடாமல் போன் அடித்தார். அடித்து அடித்து நின்றது.

சனிக்கிழமை மதியம் ஜெராக்ஸ் கடை மாடி ஏறினார். படிக்குப் படி நின்று ஏற வேண்டியிருந்தது. கதவு தாழிட்டிருக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, ஒரு கட்டில், கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தட்டு. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று. இரண்டு காலும் வீங்கியிருந்தன. லிப்ட்டுக்காரர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைக் கொட்டினார். சட்டம் போட்டது நான், பாவம் என் தலையில், என்னைத் திட்டு, அடி, ஆனால் ஆஸ்பத்திரிக்கு வா என்றார். 

“போன் அணைஞ்சிருக்கலண்ணே,” என்றான்.

அவருக்குப் புரியவில்லை.

“தொடைக்கடியில வச்சிருந்தேன். சத்தம் மட்டும்தான் இல்ல. மூணு தடவை அதிர்ந்துச்சு. எடுத்து நம்பரையும் பாத்தேன். அவங்கதான்னு தெரியும்.”

“தெரிஞ்சா ஏன்டா எடுக்கல?”

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். ஆபரேஷன் என்றால் பயம், அது உண்மை. ஆனால் அது மட்டும் என்றால் எடுத்திருப்பானாம். இரண்டாவது எண்ணாக அவன் கொடுத்திருந்தது நிச்சயம் செய்த பெண்ணின் பழைய எண். மாற்றிக் கொடுக்க இன்னோர் ஆள் இல்லை என்பதால் மாற்றவே இல்லை.

“எடுத்தா எந்திரிச்சுப் போகணும்ல. உடம்பு சரியாயிட்டா அப்புறம் வார்டுக்கு எதுக்கு வருவேன்? திங்கக்கிழமை மத்தியானம் நான் எங்கண்ணே போவேன்? இந்த ரூமுக்கா?”

லிப்ட்டுக்காரருக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. அடுத்த நிமிடம் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். கதையை இத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்றார். நிறுத்தினால் நான் எதற்கு வர வேண்டும் என்று கேட்டான். நிறுத்தாவிட்டால் அடுத்த முறையும் எடுக்கமாட்டாயே என்றார்.  எத்தனையோ பேரை லிப்ட்டுக்குள் பேசிப் பேசியே உட்கார வைத்தவருக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியலடா,” என்றார் கடைசியில். “கால் இப்படி வீங்கிக் கெடக்கு. மொதல்ல செருப்பைப் போடு.”

அவன் செருப்பைப் போட்டான். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று கீழே கடைக்காரருக்குத் தெரியவில்லை. அவசரப் பிரிவில் அன்றே மெஷினில் போட்டார்கள். இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை லிப்ட்டுக்காரர் வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தார். நான் சொன்ன கதை அவனைக் கட்டிப்போட்டுவிட்டது, வீட்டைவிட அது இதமாகிப் போய்விட்டது, தப்பு என்னுடையது என்று புலம்பினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“கதை நல்லா இருந்தது ஒரு தப்பா? அவனுக்கு யாரும் இல்லன்னு மொத நாளே நமக்குத் தெரியும். தெரிஞ்சும் நாலு மணிக்கு ஊசிய எடுத்ததும் அவங்கவங்க வீட்டப் பாத்துப் போனோம். ஒரு வருஷம். ஒரு நாளாவது வாடான்னு கூப்பிட்டோமா? அதுதான் தப்பு. உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும்.”

 அவன் அறைக்கு எந்தத் தெரு என்பதே லிப்ட்டுக்காரருக்கு நேற்றுத்தான் தெரியும், அதுவும் நர்ஸிடம் கேட்டு.

திங்கள்கிழமை மாப்பிள்ளை வந்தான். மூன்றாவது கட்டிலில் யாரோ புதிய ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். ஊசி ஏறிய கையோடே டீச்சர், ஒரு விண்ணப்பத்தாளை அவனிடம் கொடுக்கும்படி நர்ஸிடம் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து முன்பே வாங்கி வைக்கச் சொன்னது. இரண்டாவது எண் என்ற இடத்தில் டீச்சரின் எண் இருந்தது, மூன்றாவதாக ஒரு கட்டம் பேனாவால் வரைந்து லிப்ட்டுக்காரரின் எண். பட்டியலில் உன் பெயர் இன்னும் மேலேதான் இருக்கிறதாம், கேட்டுவிட்டேன் என்றார். அப்புறம் செவ்வாய் வியாழன் என் வீட்டில் சாப்பாடு, ஞாயிறு லிப்ட்டுக்காரர் வீட்டில், சிறுநீரகம் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி, மட்டம் போட்டால் வீட்டுக்கு ஆள் வரும் என்று அடுக்கினார். அவன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கையெழுத்துப் போட ஊசி இல்லாத கைதான் இருந்தது, அது இடது கை. கோணல்மாணலாகப் போட்டான்.

லிப்ட்டுக்காரர் தன் பங்குக்குச் சட்டத்தை மாற்றினார். எல்லார் போனும் அந்த ஸ்டீல் தட்டில், பகடைக்குப் பக்கத்தில், முகம் மேலே தெரியும்படி இருக்க வேண்டும், சத்தமும் முழுதாக இருக்க வேண்டும். எந்த மணி அடித்தாலும் கதை நிற்கும். சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு படபடத்தது. ஆனாலும் சொன்னார்.

பிறகு கதை. பாட்டுக்காரிக்குத் தலைநகரத்தில் இருந்து அழைப்பு வந்து அவள் போய்விட்டாள், போகும்போது எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினாள் என்றார். கோமாளி மூக்கை உறிஞ்சினார். கயிற்றில் நடப்பவன் இன்னும் நடுக்கயிற்றிலேயே நின்றான். காற்று அடிக்கிறது, ஊர் அண்ணாந்து பார்க்கிறது, ஓரடி வைத்தாக வேண்டும். மாப்பிள்ளை பகடையைக் கையில் எடுத்தான்.

அவன் போன் அடித்தது.

தெரியாத எண். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டாவது முறை அடித்தது. லிப்ட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார், எடு என்று சொல்லக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. மாப்பிள்ளை பகடையைக் கீழே வைத்தான். போனை எடுத்துக் காதில் வைத்தான்.

“நான்தான் பேசுறேன், சொல்லுங்க.”

ஏதோ உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்து ஒரு பெண். புதிதாகச் சேர்பவர்களுக்குச் சலுகை என்று கடகடவென்று ஒப்பித்தது பக்கத்துக் கட்டில் வரை கேட்டது. டீச்சர் அட கடவுளே என்று கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை அந்தப் பெண் சொன்னதைக் கடைசி வரை கேட்டான்.  இப்போது வேண்டாங்க என்றான். வேறு ஒரு நாள் கூப்பிடலாமா என்று அந்தப் பெண் கேட்டாள் போலிருக்கிறது.

“கூப்பிடுங்க,” என்றான். “எப்ப கூப்பிட்டாலும் எடுப்பேன்.”